தாய்வழித் தடங்கள்

1980 ஆம் ஆண்டு ஆனைக்கோட்டையில், பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக்குழி ஒன்றை அகழ்ந்தபோது சிறியதொரு முத்திரை கிடைத்தது. அதன் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துக்களும் இருந்தன. புதைக்கப்பட்ட மனிதரோடு அது கிடைத்தமையாலேயே வரலாற்றுச் சான்றாயிற்று. கிடைத்த இடம் தெரியாது போயிருப்பின், அது வெறும் அபூர்வப் பொருளாகவே இருந்திருக்கும்.

பழைமையைத் தேடும் ஆர்வம் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. கந்தரோடையின் தொல்பொருட்களைப் பற்றி 1917 இல் எழுதிய போல் ஈ. பீரிஸ் தொழிலால் சிவில் சேவை உத்தியோகத்தர். எம்மிற் பலர் இன்று குடும்ப வரலாறு தேடுவதும் அத்தகைய ஆர்வத்தினாலேயே. ஆனால், நாம் வரையும் வம்சாவளிகளிற் பெரும்பாலானவை தந்தை, பாட்டன், பூட்டன் என்றே மேலேறுகின்றன. மருத்துவராகிய நாம் குடும்ப நோய் வரலாறு கேட்கும்போது, அம்மம்மாவின் தாயார் பெயரைத்தானும் சொல்லக்கூடியவர் சிலரே. இழைமணியின் மரபணுவோ தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. உடல் காத்து வைத்த தொடரை நினைவு தவறவிட்டிருக்கிறது.

அந்தத் தொடரைக் காட்டும் ஏடு ஒன்று எமது வீடுகளில் உண்டு. அதுதான் சீதன உறுதி. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, தாயின் சீதனம் பெண்மக்களுக்கே செல்வது மரபு. காணி இன்னாருக்கு இன்ன உறுதியால் வந்தது என நொத்தாரிசு எழுதிவைப்பதால், ஒரு காணியின் உறுதிகளைப் பின்னோக்கி வாசித்தால் மகள், தாய், பாட்டி எனப் பெண்களின் பெயர்கள் நிரையாக வரும். வீட்டுப் பிரதி தொலைந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் தேட இடமுண்டு. மணமானபின் கணவர் பெயரால் அழைக்கப்பட்ட பழைய மாணவியரின் இளமைப் பெயரைக் கல்லூரியின் சேர்வு இடாப்புக்களும் காத்து வைத்துள்ளன.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது பலர் உறுதிகளையும் சான்றிதழ்களையும் மட்டுமே கையில் எடுத்தனர். இன்று அவை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன. அவற்றை வாசித்து விளக்கக்கூடிய மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, அன்புச் சகோதரிகளே, முதலில் பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். உறுதிகளைப் படம் பிடித்து ஒரு பிரதியைச் சகோதரருக்கும் அனுப்புங்கள். அம்மாவும் பெரியம்மாவும் சொல்வதைச் சொன்னவர் பெயரோடும் திகதியோடும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலோ கிணற்றடியிலோ பழம்பொருள் எதுவும் தென்பட்டால் அதை அகற்றாது தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எமது பேர்த்திகள் தங்கள் அம்மம்மாவைத் தேடும்போது, அவர் பெயரும் அவர் வாழ்ந்த ஊரும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.