மின்னஞ்சல் செய்திமடல் வழங்கல்

மின்னஞ்சல் செய்திமடல் என்பது, ஓர் இணையத்தளம் தன்னிடம் முகவரி பதிந்து இசைவு தந்த வாசகர்களுக்குக் குறித்த கால இடைவெளியில் அனுப்பும் மடல் ஆகும். வாசகர் பட்டியலைப் பேணுதல், மடலை ஆக்குதல், அதை ஒவ்வொருவரின் அஞ்சற்பெட்டியிலும் கொண்டுசேர்த்தல் ஆகியவற்றுக்கான ஏற்பாடு செய்திமடல் வழங்கல் எனப்படும். சொந்த வழங்கியிலிருந்து அனுப்புதல், ஒரு சேவை நிறுவனத்திடம் முழுமையாக ஒப்படைத்தல், இரண்டையும் கலந்து செய்தல் என இது மூவகைப்படும். எந்த வகையைத் தேர்ந்தாலும் வாசகர் பட்டியலும் அனுப்புநர் முகவரியும் தளத்தை நடத்துவோர் கையிலேயே இருத்தல் முதன்மையானது. அவ்வாறு இல்லாதபோது நேரும் இழப்பைத் தமிழ் இணையம் நேரடியாகக் கண்டுள்ளது.

வரலாறு

1978 மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவினர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினர். கேட்காதவர்க்கு அனுப்பப்பட்ட இம்மடலே முதல் எரிதம் எனக் கருதப்படுகிறது. கேட்டவர்க்கு மட்டும் அனுப்பும் முறை 1986இல் வெளிவந்த லிஸ்ட்சர்வ் மென்பொருளால் எளிதாயிற்று. வாசகர் தாமே சேரவும் விலகவும் அது வழிசெய்தது. பின்னர் மேஜர்டோமோ, மெயில்மேன் முதலிய மென்பொருள்கள் தோன்றின. செய்திமடலுக்கென்றே எழுதப்பட்ட பிஎச்பிலிஸ்ட் 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மெயில்சிம்ப் என்னும் கட்டணச் சேவை 2001இல் தொடங்கியது.

தமிழில் மடல்வழிப் பரிமாற்றம் 1990களின் நடுப்பகுதியில் தமிழ்.நெட் வழியாகப் பரவியது. 2000களில் அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய குழுக்கள் யாகூ குழுமச் சேவையில் இயங்கின. சேவை இலவசமாக இருந்தது. வழங்கியைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆனால் 2019 அக்டோபர் இறுதியில் யாகூ நிறுவனம் குழுமங்களில் புதிய உள்ளடக்கம் ஏற்றுவதை நிறுத்தியது. அதன்பின் பழைய மடல் தொகுப்புகளை நீக்கி, 2020 டிசம்பர் 15 அன்று சேவையை முற்றாக மூடியது. உரிய காலத்தில் படியெடுத்து வைக்கப்படாத தமிழ்க் குழுமங்களின் மடல்கள் அத்துடன் மறைந்தன.

இதைப் போன்ற முடிவுகள் தொடர்ந்தன. வலைப்பதிவர் பலர் பயன்படுத்திய பீட்பர்னர் சேவையின் மின்னஞ்சல் சந்தா வசதியைக் கூகுள் 2021இல் நிறுத்தியது. எளிய செய்திமடல்களுக்குப் பெயர்பெற்ற டைனிலெட்டர் 2024 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்டது.

வழங்கும் முறைகள்

சொந்த வழங்கி

தளம் இயங்கும் வழங்கியிலேயே மென்பொருளை நிறுவி, அங்கிருந்தே மடல்களை அனுப்புவது இம்முறை. பட்டியல் வெளியாரிடம் செல்வதில்லை. மாதக் கட்டணமும் கூடுவதில்லை. மடல் போய்ச் சேருவதே இதில் உள்ள சிக்கல். பலர் பகிரும் வழங்கிகளில் மணிக்கு இத்தனை மடல் என்ற வரம்பு இருக்கும். அதே வழங்கியைப் பகிரும் வேறொருவர் எரிதம் அனுப்பினால் அந்த ஐ.பி. முகவரி தடைப்பட்டியலில் சேர்ந்து, குற்றமற்றவர் மடலும் திருப்பி அனுப்பப்படும்.

முழுச் சேவை

மெயில்சிம்ப், சென்னையைச் சேர்ந்த சோகோ நிறுவனத்தின் சோகோ கேம்பெயின்ஸ், 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் முதலியன இவ்வகையின. பதிவுப் படிவம், வடிவமைப்பு, விலகல், திரும்பி வந்த மடல்களின் கணக்கு ஆகிய அனைத்தையும் நிறுவனமே கவனிக்கும். பெரும்பாலான சேவைகளில் வாசகர் எண்ணிக்கையோ மடல் எண்ணிக்கையோ உயர உயரக் கட்டணமும் உயரும். வெளிநாட்டுச் சேவைக்கு அட்டை மூலம் மாதந்தோறும் தானாகப் பணம் செலுத்துவோர், 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய ரிசர்வ் வங்கி விதிகளின்படி அதற்கான இசைவை முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவு இல்லாமல் கட்டணம் தவறினால் சேவை நின்றுவிடக்கூடும்.

கலப்பு முறை

பட்டியலும் மென்பொருளும் சொந்த வழங்கியில் இருக்க, அனுப்பும் பணியை மட்டும் வேறொரு நிறுவனத்திடம் விடுவது கலப்பு முறை. பிஎச்பிலிஸ்ட், லிஸ்ட்மங்க் போன்ற திறந்தமூல மென்பொருள்களை அமேசான் எஸ்.இ.எஸ். போன்ற அஞ்சல் சேவையுடன் இணைத்து இதனைச் செய்யலாம். கட்டணம் குறைவு. ஆயினும் மென்பொருளை இற்றைப்படுத்தவும் பழுது நீக்கவும் தெரிந்த ஒருவர் தேவை.

மடலின் அடையாளம்

அஞ்சல் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது அனுப்புநர் யார் என்பதைச் சரிபார்க்க வழி எதுவும் வைக்கப்படவில்லை. பிறர் பெயரில் மடல் அனுப்புவது எளிதாக இருந்தது. இக்குறையை நீக்க மூன்று முறைகள் பின்னர் உருவாயின. ஓர் ஆள்களப் பெயரில் மடல் அனுப்ப எந்த வழங்கிகளுக்கு உரிமை உண்டு என்பதை எஸ்.பி.எஃப். தெரிவிக்கிறது. மடலில் இடப்படும் மறையீட்டுக் கையொப்பம் டி.கே.ஐ.எம். ஆகும். இவ்விரண்டிலும் தவறும் மடலை என்ன செய்ய வேண்டும் என்று ஆள்கள உரிமையாளர் அறிவிப்பது டிமார்க்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். எரிதம் என்று வாசகர் முறையிடும் அளவு 0.3 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும். குறைவாக அனுப்புவோருக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகியவற்றுள் ஒன்றேனும் தேவை. இவற்றை நிறுவ சொந்த ஆள்களப் பெயர் வேண்டும். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராக இட்டு வேறு சேவை வழியாக அனுப்பும் மடல் இச்சோதனைகளில் தேறாது.

தமிழ் மடல்களுக்கு உரியவை

2000களின் தொடக்கத்தில் தமிழ் மடல்கள் தஸ்கி, டாப் முதலிய குறியேற்றங்களில் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாதவருக்கு அவை புரியாத குறிகளாகத் தெரிந்தன. ஒருங்குறி பரவியபின் அச்சிக்கல் நீங்கினும், மடலின் அளவு சார்ந்த சிக்கல் உள்ளது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் தேவை. சென்னிமலை என்ற சொல்லில் 5 எழுத்துகள் இருந்தாலும், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 9 குறிகள் உள்ளன. எனவே அது 27 பைட்டுகளைக் கொள்ளும். ஆங்கில எழுத்தில் அதே பெயர் 11 பைட்டுகளில் அடங்கும். அஞ்சலில் செல்லும்போது பேஸ்64 முறையில் அது 36 குறிகளாகவும், ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியோடு எழுதும் மற்றொரு முறையில் 81 குறிகளாகவும் விரியும்.

ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலின் பிற்பகுதியை மறைத்துவிடும். ஆங்கில மடலைவிடத் தமிழ் மடல் இவ்வரம்பை விரைவில் எட்டுகிறது. விலகும் தொடுப்பு பெரும்பாலும் மடலின் அடியில் இருப்பதால் அதுவும் மறைந்துபோகும். விலக வழி காணாத வாசகர் எரிதம் என்ற பொத்தானை அழுத்துவார். எனவே முழுக் கட்டுரையையும் மடலில் இடாமல், சுருக்கமும் தொடுப்பும் தருவது நல்லது.

தலைப்பு வரியிலும் கவனம் தேவை. தலைப்பில் உள்ள தமிழ், 75 குறிகளுக்கு மிகாத துண்டுகளாகக் குறியேற்றப்படுகிறது. பேஸ்64 முறையில் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிகளே அடங்கும். குறியின் நடுவே துண்டாக்கும் பழைய மென்பொருளில் தலைப்பு சிதையும். ஒரு சேவையைத் தேரும் முன் நீண்ட தமிழ்த் தலைப்புடன் சோதனை மடல் அனுப்பிப் பார்த்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டு

ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை, கைத்தறிப் போர்வைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல உள்ளன. இத்தகைய சங்கம் ஒன்று, தன் இணையத்தளத்தில் பதிந்த 3,000 வாடிக்கையாளருக்குத் தீபாவளித் தள்ளுபடி பற்றி மடல் அனுப்புவதாகக் கொள்வோம். மணிக்கு 200 மடல் வரம்புள்ள பகிர்வு வழங்கியில் இப்பணி முடிய 15 மணி நேரம் ஆகும். கலப்பு முறையில், 1,000 மடலுக்கு 10 அமெரிக்க சென்ட் என்ற கட்டணத்தில் செலவு 30 சென்ட் மட்டுமே. ஆனால் சங்கத்தில் கணினி தெரிந்தவர் ஒருவரே இருந்து, அவரும் வேலை மாறிச் சென்றால் மடல் நின்றுபோகும். அத்தகைய இடத்துக்குக் கட்டணம் கூடினாலும் முழுச் சேவையே பொருந்தும். அப்போதும் ஆள்களப் பெயரைச் சங்கத்தின் பெயரில் பதிய வேண்டும். ஊழியரின் தனிக் கணக்கில் பதிந்தால், அவர் சென்றபின் மீட்பது கடினம்.

சட்டம்

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, இசைவின் அடிப்படையில் பெறும் தரவுக்குத் தெளிவான இசைவைக் கோருகிறது. தந்த இசைவைத் திரும்பப் பெறுவது, அதைத் தந்தது போலவே எளிதாக இருத்தல் வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோரின் இசைவு தேவை. கடைப் பற்றுச்சீட்டில் எழுதப்பட்ட முகவரிகளைக் கேளாமல் பட்டியலில் சேர்ப்பது முறையன்று. பதிவு செய்தவருக்கு உறுதிப்படுத்தும் மடல் அனுப்பி, அவர் அதிலுள்ள தொடுப்பை அழுத்தியபின் சேர்க்கும் இரட்டை இசைவு முறை பாதுகாப்பானது. பிழையான முகவரிகளும் இதனால் தவிர்க்கப்படும்.

தேர்வின்போது கவனிக்க வேண்டியவை

- வாசகர் பட்டியலை, இசைவு தந்த நாளுடன், எப்போது வேண்டுமானாலும் கோப்பாகப் பதிவிறக்க இயலுமா?
- விலகியோர் பட்டியலையும் பெற இயலுமா? இது இன்றி வேறு சேவைக்கு மாறினால், விலகியவருக்கே மீண்டும் மடல் போகும்.
- சொந்த ஆள்களப் பெயரிலிருந்து அனுப்ப இயலுமா?
- பழைய இதழ்கள் தளத்திலும் சேமிக்கப்படுகின்றனவா, சேவையில் மட்டும் உள்ளனவா?
- வாசகர் எண்ணிக்கை இரட்டித்தால் கட்டணம் எவ்வளவு உயரும்?
- கடவுச்சொற்களும் ஆள்களப் பதிவும் குறைந்தது இருவரிடம் உள்ளனவா?

இவற்றுள் முதல் மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், ஒரு சேவை மூடப்பட்டாலும் வாசகரை இழக்காமல் வேறொன்றுக்கு மாறலாம். பட்டியலை மாதம் ஒருமுறை படியெடுத்துப் பாதுகாப்பாக வைப்பது எல்லா முறைகளுக்கும் பொது.