ஆப்பிரிக்காவில் சீன அரசு ஊடகம்: சேனலைத் தாண்டி நடப்பது என்ன?

சீன அரசு டிவியான சிசிடிவி, ஆப்பிரிக்காவுக்கான செய்திப் பிரிவை 2012 ஜனவரியில் கென்யாவின் நைரோபியில் தொடங்கியது. இன்று அதன் பெயர் சிஜிடிஎன்.

அரசு சேனலை யார் பார்க்கப் போறாங்க?

நியாயமான கேள்விதான். ஆனால் விஷயம் அந்த ஒரு சேனலோடு நிற்கவில்லை. அரசு செய்தி நிறுவனமான சின்ஹுவா, உள்ளூர் பத்திரிகைகளோடு ஒப்பந்தம் போட்டு செய்திகளைக் கொடுக்கிறது. வெளிநாட்டுக்கு நிருபர் அனுப்ப பட்ஜெட் இல்லாத பத்திரிகைக்கு இது வசதி. 10,000 ஆப்பிரிக்க கிராமங்களுக்கு சாட்டிலைட் டிவி தருவதாகவும் 2015-ல் சீனா அறிவித்தது. அதைச் செய்தது ஸ்டார்டைம்ஸ் என்ற சீன நிறுவனம்.

இதில் என்ன சிக்கல்?

2013-ல் தென்னாப்பிரிக்காவின் 'இண்டிபென்டென்ட் மீடியா' குழுமத்தில் சீன அரசு சார்ந்த முதலீட்டாளர்கள் 20% பங்கு வாங்கினார்கள். 2018-ல் அங்கே பத்தி எழுதிவந்த அஸாத் எஸ்ஸா, உய்குர் முஸ்லிம்கள் மீதான ஒடுக்குமுறை பற்றி எழுதினார். உடனே அவரது பத்தி நின்றுபோனது. பக்க வடிவமைப்பு மாறியதுதான் காரணம் என்றார்களாம்.

மற்ற நாடுகள் செய்வதில்லையா?

செய்கின்றன. ரஷ்யாவின் ஆர்டி முழுக்க அரசுப் பணத்தில் ஓடுகிறது. பிபிசி உலக சேவைக்கும் பிரிட்டிஷ் அரசு நிதி உண்டு. பணம் யாருடையது என்பதோடு, அந்த அரசையே விமர்சித்து ஒரு செய்தி போட முடியுமா என்றும் கேட்கணும்.

வாசகர் என்ன செய்யலாம்?

செய்திக்குக் கீழே எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்க. வராமல்போன செய்திக்கு மட்டும் அப்படி எந்தப் பெயரும் இருக்காது.