எங்க படகுக்கு என்ஜின் வந்த வரலாறும் அதைப் பழுது பார்த்த வரலாறும்



மலருக்கு ஆளுக்கொரு வரலாறு எழுதித் தாங்கன்னு கூட்டத்தில் சொன்னப்ப, குழு தொடங்கின வரலாறு, ஊருக்குக் கரண்டு வந்த வரலாறுன்னு ஆளாளுக்குப் பேர் குடுத்தாங்க. நான் டீசல் படகுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். 2019 பிப்ரவரி மாத தீர்மான நோட்டை எடுத்துப் பாருங்க. "படகு என்ஜின் பழுது பார்க்க ரூ.40,000 கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி இருக்கும். பேர் என் பேர். அந்த ஒரு வரிக்கு முன்னாடி நடந்ததும் பின்னாடி நடந்ததும்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஊர் கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது. மாமியார் கல்யாணம் ஆகி வந்த காலத்தில் கரையில் இருந்ததெல்லாம் பாய் வள்ளம்தான். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. அப்போது வலை எல்லாம் பருத்தி நூல். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து அந்தச் சாற்றில் வலையை முக்கிக் காயவைத்தால்தான் உப்புத்தண்ணியில் அழுகாது. இடிக்கிறது பொம்பளைங்க. கை கறுத்துப்போய் ஒரு வாரத்துக்குச் சோறு பிசையக் கூசும்னு அத்தை சொல்வாங்க. மீன் கரைக்கு வந்ததும் அத்தை கூடையில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு நடப்பாங்க. நெல்லும் வரும், காசும் வரும். அந்தக் காசு அத்தையின் முந்தானையில்தான் இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால் வேணும்.

இனி என்ஜினுக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தவர் பெயரே டீசல்தான். ருடால்ப் டீசல், ஜெர்மனிக்காரர். எண்ணெயின் பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன், என் மகள் சொல்லித்தான் அது மனுஷன் பேர் என்று தெரிந்தது. 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897இல் நன்றாக ஓடும் என்ஜினைக் காட்டினார். பெட்ரோல் வண்டியில் இருப்பது போலத் தீப்பொறி போடும் பிளக் இதில் கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் இல்லையா, அதே சங்கதிதான். உள்ளே காற்றை இறுக்கி அமுக்கினால் அது தீயாய்ச் சுடும். அந்தச் சூட்டில் டீசலைப் புகையாய்ப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெய் ஊற்றியே இந்த மாதிரி ஒரு என்ஜினை ஓட்டிக் காட்டினார்களாம். 1903இல் ரஷ்யாவின் வால்கா ஆற்றில் வாண்டல் என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் என்ஜின் ஏறிவிட்டது.

பெரிய ஆலை முதலாளிகளிடம் மட்டும் நீராவி இயந்திரம் இருக்கிறது, சின்னத் தொழில் செய்கிறவர்களும் சொந்தமாக ஒரு இயந்திரம் வைத்துப் பிழைக்கணும் என்று டீசல் ஆசைப்பட்டிருக்கிறார். அந்த மனுஷன் கடைசியில் கடனில் மூழ்கி, 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போன கப்பலில் ராத்திரி காணாமல் போனார். உடல்தான் கடலில் கிடைத்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என்ஜினும் கடனும் அன்றையிலிருந்தே சேர்ந்துதான் வந்திருக்கு போல.

நம் நாட்டு மீன்பிடிப் படகுகளுக்கு என்ஜின் வந்தது சுதந்திரத்துக்கு அப்புறம். கேரளாவில் கொல்லம் பக்கத்தில் நீண்டகரை என்ற இடத்தில் 1953இல் நார்வே நாட்டு உதவியோடு ஒரு திட்டம் தொடங்கினார்கள். முதலில் அங்கே இருந்த பழைய வள்ளங்களிலேயே என்ஜினை வைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அப்புறம் என்ஜினுக்கென்றே புதுப் படகு கட்டினார்கள். அதே 1950களில் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் படகு நிபுணர் பால் சீனர் சென்னைக்கு வந்து வரைந்து கொடுத்த படகுக்குப் பாப்லோ படகு என்றே பெயர். பிறகு இறால் ஏற்றுமதி சூடு பிடித்ததும் பெரிய விசைப்படகுகள் பெருகின. சண்டையும் பெருகியது. 1983இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது, அது நாட்டுப்படகுக்கு என்று ஆனது. எங்கள் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று ஒரு வழக்கமும் உண்டு.

எங்க மாமா வள்ளத்தில் என்ஜின் வைத்தது எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலத்தில். வயலில் தண்ணி இறைக்கிற ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் மாதிரியேதான் இருக்கும். கைப்பிடி போட்டுச் சுத்தணும். வாங்கக் காசு ஏது? மீன் வியாபாரி முன்பணம் கொடுத்தார். கொடுத்தவருக்கே மீனெல்லாம் போடணும், அவர் சொன்னதுதான் விலை, அதிலும் கழிவு. படகு கரை சேரும்போதே ஐஸ் பெட்டியோடு அவர் ஆள் நிற்பான். அத்தை கூடையோடு போய் நின்றால், "உங்களுக்கு இல்ல ஆத்தா"ன்னு சொல்லிட்டாங்களாம். தன் வீட்டு மீனைத் தானே வாங்க முடியவில்லை. நைலான் வலை வந்து பனிச்சங்காய் இடிக்கிற வேலை போனது நல்லதுதான், யாரும் அழவில்லை. ஆனா கூடை போனது நல்லதில்லை. அந்த முன்பண பாக்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஓடி, 2017இல்தான் தீர்ந்தது.

அடுத்த வருஷமே கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலை. படகு கரையேறி தென்னை மரத்தில் மோதி, பக்கவாட்டில் நாலு பலகை உடைந்து, மூணு வங்கு முறிந்து கிடந்தது. என்ஜின் உப்புச் சேற்றுக்குள். எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. மாமாவுக்கு அப்பவே ஒரு கண் பார்வை இல்லை. அவர்தான் கத்தினார்: "முதல்ல நல்ல தண்ணிய ஊத்துங்கடா, காய விட்டா செத்துப்போகும்!"

நல்ல தண்ணிக்கு எங்கே போக? கரண்டு இல்லை, மோட்டார் ஓடாது. அடிபம்பில் ஊரே வரிசையில் நிக்குது. நான் பதினாறு குடம் அடித்து இரும்பு மேல் ஊற்றினேன். "புள்ளைங்க குடிக்கத் தண்ணியில்ல, இவ என்ஜினைக் குளிப்பாட்டுறா"ன்னு திட்டினவங்க திட்டினதும் நியாயம்தான். அவங்க இடத்தில் நான் இருந்தாலும் திட்டியிருப்பேன். அடியில் ஆயிலைத் திறந்து விட்டால் பால் கலந்த டீ மாதிரி வெளுத்து வந்தது. தண்ணி கலந்துட்டதுன்னு அர்த்தம். அதை வடித்து, கழுவி, சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி, தினம் ஒரு தடவை கைப்பிடியால் மெல்லச் சுற்றச் சொன்னார் மாமா. பத்து நாள் சுற்றினேன். அதுக்கப்புறம் இறுகிப்போச்சு.

பட்டறைக்காரர் ஒருத்தர் வந்து பார்த்து, பழைய இரும்புக் கடையில் போடுங்கன்னார். புது என்ஜின் மட்டும் ஒன்றேகால் லட்சம். வியாபாரி வீடு தேடி வந்தார், நல்லாத்தான் பேசினார்: "என்ஜினை நான் எடுத்துத் தர்றேன், மீனை மட்டும் எனக்குப் போடுங்க." வீட்டுக்காரர் சரின்னு சொல்ல இருந்தார். அத்தை திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்க எழுந்து உள்ளே போனதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "குழுவில் கேட்டுட்டுச் சொல்றோம்"னேன்.

குழுவில் உடனே ஒத்துக்கலை. ஆம்பளைங்க படகுக்கு நம்ம சேமிப்பா, ஆடு மாடுன்னா சரி, நாளைக்குக் கடலில் போனா யார் கட்டுறதுன்னு கேட்டாங்க. மூணு கூட்டம் நடந்தது. கடைசியில் என்ன பேசி முடிச்சோம்னா, கடன் என் பேரில், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, படகு வரும்போது மீனைக் கரையில் கூறு போட்டு விற்கிறது நானும் அத்தையும். வீட்டுக்காரர் வந்து குழு முன்னாடி ஒத்துக்கிட்டார். அவருக்கு அது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது.

நாள் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு போகலாம். வருஷத்தில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற காலம் அதுதான். அதுக்குள்ள படகு தண்ணியில் இறங்கணும்.

மரவேலைக்கு ஓடாவி வந்தார். வங்குக்கு வளைந்த நாட்டுக்கருவேலம், பலகைக்கு அயினி. கூலியும் மரமும் 21,000. பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுற கலப்பத்து வேலையை வீட்டு ஆட்களே செய்தோம். பஞ்சைத் திரியாகத் திரிக்கிறது விளக்குத் திரி திரிக்கிற மாதிரிதான், அத்தை ராத்திரி எல்லாம் உட்கார்ந்து திரிச்சாங்க. உளியால் ரொம்ப அடிச்சாப் பலகை விலகும், குறைச்சு அடிச்சா ஒழுகும்.

என்ஜினை வீட்டு முற்றத்தில் பிரித்தோம். மாமாவுக்குக் கண் தெரியாது, எனக்குத் தொழில் தெரியாது. அவர் கையால் தடவிச் சொல்வார், நான் கழற்றுவேன். கழற்றின ஒவ்வொரு நட்டையும் எந்த இடம், எந்த வரிசைன்னு மகளின் பழைய நோட்டில் படம் போட்டு எழுதி, டப்பாவில் போட்டு நம்பர் ஒட்டினேன். குழு நோட்டு எழுதிப் பழகின கைதானே. பிஸ்டன் இறுகிப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஆறு நாள் ஊறவைத்து, மேலே மரக்கட்டையை வைத்துத் தட்டினதும் அசைந்தது. மாமா குழந்தை மாதிரி சிரிச்சார்.

காற்று கசிந்தால் சூடு ஏறாது, சூடு ஏறாட்டி டீசல் பற்றாது. அதனால் வால்வு உட்காருகிற இடம் ஒட்டி இருக்கணும். அதுக்கு ஒரு பசை இருக்கு, மணல் மாதிரி நறநறன்னு இருக்கும். வால்வில் அதைத் தடவி, ரப்பர் குமிழ் வைத்த குச்சியால் பிடித்து, மோர் கடைகிற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பித் தேய்க்கணும். சுற்றிலும் ஒரே சீராகச் சாம்பல் வளையம் விழுகிற வரைக்கும். ரெண்டு வால்வுக்கும் ரெண்டு நாள். அப்புறம் வால்வைப் பொருத்தி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம், காலையில் வரைக்கும் ஒரு சொட்டு இறங்கலை.

எல்லாத்தையும் நாமே செய்திடலாம்னு நினைக்கக்கூடாது. டீசல் பீய்ச்சுகிற நாசிலும் பம்பும் வீட்டில் தொடக்கூடாத சாமான், ஒரு தூசி போதும் கெடுக்க. அது அறந்தாங்கிக்குப் போனது, 4,500. புது லைனர், பிஸ்டன், ரிங், லாத் வேலை எல்லாம் சேர்த்து 14,500. பஞ்சு, குங்கிலியம், பெயிண்ட் 3,800. குழுக்கடன் 40,000 தீர்ந்து, மேல்படி 3,800 கோழி வித்த காசு.

ஏப்ரல் 12 தண்ணியில் இறக்கினோம். முதல் ரெண்டு நாள் ஒழுகத்தான் செய்யும், பலகை ஊறினதும் நிற்கும்னு ஓடாவி சொன்னபடியே நின்றது. என்ஜின் மூணாவது சுற்றில் பிடித்தது. கறுப்புப் புகை, அப்புறம் சீரான சத்தம்.

ரெண்டாவது பாட்டுக்குப் போனபோது நடுக்கடலில் நின்றுவிட்டது. அது என் தப்பு. என்ஜினை நட்டு நட்டாகக் கழுவின நான், டீசல் டேங்கை வெளியில் மட்டும் துடைத்து வைத்திருந்தேன். உள்ளே துருவும் தண்ணியும். அது பில்டரை அடைத்து, குழாயில் காற்று ஏறிவிட்டது. டீசல் என்ஜினுக்குக் குழாயில் காற்று புகுந்தால் போதும், நின்றுபோகும். கொழுந்தன் பில்டரைக் கழுவி, பம்ப் பக்கம் நட்டைத் தளர்த்தி, குமிழி போய் டீசல் மட்டும் வருகிற வரை கையால் அடித்து, மறுபடி இறுக்கிக் கிளப்பியிருக்கிறார். கரைக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரைக்கும் நான் கரையில் நின்ற நிலையை எழுத முடியாது. கூட நின்ற குழுக்காரங்க ஒருத்தர்கூட கடனைப் பற்றிப் பேசலை. மறுநாள் டேங்கை இறக்கி, சரளைக்கல் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். இப்ப டீசல் ஊற்றும்போது வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவேன்.

அந்தத் தடைக்காலத்தில் அத்தை முப்பது வருஷத்துக்கு அப்புறம் கூறு போட்டு மீன் வித்தாங்க. கூடை தூக்கத் தலை நிக்கலை, உட்கார்ந்துதான் வித்தாங்க. வியாபாரியும் வந்தார். மத்தவங்களோட சேர்ந்து விலை கேட்டு வாங்கிட்டுப் போனார், அவர் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை. 2020 ஊரடங்கில் கடலுக்குப் போக முடியாமல் தவணை தள்ளிப்போனது. குழு பொறுத்துக்கிட்டது. கடைசித் தவணை 2021 ஆகஸ்டில் கட்டினேன். மாமா அதுக்கு முந்தின தையிலேயே போய்ச் சேர்ந்துட்டார்.

படகு இப்பவும் ஓடுது. சாப்ட் வெளியே போகிற ஓட்டையில் கிரீஸ் கயிறு தேய்ந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணி வருது, இந்த வாரம் மாத்தணும். வால்வு தேய்க்கிற அந்தக் குச்சி மட்டும் எங்க வீட்டில் இல்லை. குழுவில் மூணு வீட்டுக்குக் கைமாறிப் போனது வரைக்கும் எனக்குக் கணக்கு இருக்கு, அதுக்கப்புறம் தெரியலை. யார் வீட்டில் இருக்கோ, இதைப் படிச்சதும் பங்குனி பிறக்கிறதுக்குள்ள கொண்டாந்து குடுத்திருங்க. நம்ம படகுக்கும் தேய்க்கிற வேலை வந்திருச்சு.