1891 உதகையும் 1950 ஆணையும்

தலித் கிறித்தவர்களின் உரிமை பற்றிப் பேசினால் உடனே ஒரு கேள்வி எழுகிறது: "கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே, பிறகு ஏன் பட்டியல் சாதி உரிமை?" நாம் கூடியிருக்கும் இந்த மலையின் வரலாற்றை வைத்தே இதைப் பேசலாம்.

1891 டிசம்பரில் உதகையில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டினார். பத்துத் தீர்மானங்கள். பள்ளி, அரசு வேலை, நகராட்சியில் இடம், பொதுக்கிணற்றில் தண்ணீர், கச்சேரிகளில் சம மரியாதை என்று கேட்டார்கள். கேட்டவை எல்லாம் மண்ணில் நடமாடும் மனிதருக்கான உரிமைகள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவருக்கு என்ற நிபந்தனை இல்லை. அது தற்செயல் அல்ல. அவரோடு சேர்ந்து 1885இல் 'திராவிட பாண்டியன்' இதழை நடத்திய ஜான் இரத்தினம் கிறித்தவப் போதகர். அயோத்திதாசரோ அத்வைதம் பேசி, 1898இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றவர். நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராயிருந்த இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறவே இல்லை. மூவருக்கும் மூன்று வழி. ஒடுக்குமுறை ஒன்றுதான் என்பதில் மூவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இந்தத் தெளிவைக் குடியரசு 1950 ஆகஸ்டு 10 அன்று ஒரே பத்தியில் கலைத்தது. பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றுவரை இல்லை.

தேயிலைத் தோட்டங்களில் இதன் பொருள் என்ன? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தோட்டங்கள்தாம் பின்னாளில் டான்டீ ஆயின. 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது, நீ மாரியம்மன் கோயிலா மாதா கோயிலா என்று இலங்கை அரசு கேட்கவில்லை. இங்கே சாதிச் சான்றிதழுக்கு நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒரே பெரட்டில் நின்று ஒரே மலையில் கொழுந்து பறிக்கும் அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஆதிதிராவிடர். ஞானஸ்நானம் பெற்ற மற்றவர் பிற்படுத்தப்பட்டோர். ஆதிக்கச் சாதிக்காரர் அடித்தால் அண்ணனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, தம்பிக்குக் கிடையாது. அடித்தவர் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறார்?

இதனால்தான் எத்தனையோ குடும்பங்கள் பள்ளியில் ஒரு பெயர், ஆலயத்தில் ஒரு பெயர் என்று வாழ்கின்றன. இதை மோசடி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனச்சாட்சியின் சுதந்திரம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவருக்குத்தான் அபராதம்.

சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளருக்குக் கொடுத்த பெட்டிக்கடையை எனக்கு ஏன் மறுத்தீர்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று காட்டப்படவில்லை எனச் சொல்லி 1985இல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே நின்ற சுவரை நீதிபதிகள் பார்த்திருக்க வேண்டும். அதை எழுப்பியவர்கள் கிறித்தவர்கள். 2008இல் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித்துகளை எதிர்த்தவர்களும் கிறித்தவர்கள். ஆகஸ்டு 10இல் கறுப்புக்கொடி ஏற்றும் ஆயர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். அரசைக் கேட்கும் குரல் திருச்சபைக்குள் ஏன் தாழ்ந்துவிடுகிறது?

மதத்துக்கும் பட்டியலுக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. அது கிடப்பில் இருக்க, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள்.

நீலகிரி மக்களவைத் தொகுதி 2009 தேர்தல் முதல் தனித்தொகுதி. கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிதான். அயோத்திதாசர் மாநாடு கூட்டிய இந்த மலையில், இன்று ஒரு ஜான் இரத்தினம் அந்தத் தொகுதிகளில் வாக்களிக்கலாம், நிற்க முடியாது.