ஒரு தாலுகாவின் தலைவிகள்: ஜாம்கெட் கதை

இன்னைக்கு கொஞ்சம் மருத்துவ வரலாறு பேசலாம். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1/
எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரும் மருத்துவருக்கு முதல் நாளே இரண்டு வேலைகள் காத்திருக்கும். ஒன்று, நோயாளிகளைப் பார்ப்பது. அதற்குப் பயிற்சி உண்டு. இன்னொன்று, ஏறத்தாழ 30,000 மக்களின் நலனைக் கவனிக்கும் ஒரு குழுவை நடத்துவது. செவிலியர், மருந்தாளுநர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் என்று அந்தக் குழுவில் பலர் நம்மைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள். சமூக மருத்துவப் பாடத்தில் மேலாண்மைக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. பரீட்சைக்குப் படிச்சு எழுதிட்டு வந்துடுவோம். அவ்வளவுதான்.

2/
அந்த இரண்டாவது வேலையை எப்படிச் செய்யணும்னு இந்தியாவுக்கே காட்டியவர்கள் ஒரு மருத்துவத் தம்பதி. ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே. (ஆமாங்க, பேரைப் பார்த்ததும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவாங்கன்னு தெரியும். இவர் வேற!) இருவரும் நம்ம வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் படித்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

3/
1970-இல் அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மகாராஷ்டிராவில் அகமத்நகர் மாவட்டத்தின் ஜாம்கெட். வறண்ட பூமி. 1971 கணக்குப்படி அங்கே பிறக்கும் 1,000 குழந்தைகளில் 176 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதாவது ஆறில் ஒரு குழந்தைக்கு மேல். வயிற்றுப்போக்கு, நிமோனியா, பிறந்த குழந்தைக்கு வரும் ரணஜன்னி, சத்துக்குறைவு. பெரிய ஆபரேஷன் தேவைப்படும் நோய்கள் இல்லை. கிராமத்திலேயே தடுக்கக்கூடிய நோய்கள்.

4/
ஊருக்குப் போனதும் அவர்கள் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. "உங்களுக்கு முதலில் என்ன வேணும்?" என்று மக்களிடம் கேட்டார்கள். மக்கள் கேட்டது சோறும் தண்ணீரும். 70-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிராவைக் கடும் பஞ்சம் வாட்டியது. அதனால் குழந்தைகளுக்குச் சமுதாய சமையற்கூடம், குடிக்க ஆழ்துளைக் கிணறு என்றுதான் வேலை தொடங்கியது.

5/
அந்தக் கிணறுகளில் ஒரு சூட்சுமம் இருக்கு. தண்ணீர் கிடைக்கும் இடமாகப் பார்த்து, அதிலும் தலித் குடியிருப்புப் பக்கமாகத் தோண்ட ஏற்பாடு செய்தார்கள். தாகம் எடுத்தால் எல்லாச் சாதியினரும் அங்கேதான் வந்து ஆகணும். மேடை போட்டு சாதி ஒழிப்புப் பேசவில்லை. குழாய் எந்த இடத்தில் இருக்கணும்கிற முடிவை மட்டும் யோசித்து எடுத்தார்கள். ஒரு நிர்வாகியின் அதிகாரம் எங்கே இருக்குன்னு புரியுதா?

6/
அடுத்தது மருத்துவம். முதல் திட்டப்படி, பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களைக் கிராமங்களில் தங்க வைத்தார்கள். காகிதத்தில் நல்ல திட்டம். நடைமுறையில் எடுபடவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்களுக்குத் தனியாகத் தங்கப் பயம். ஊர்க்காரர்களுக்கோ அவர்கள் அந்நியர்கள்.

7/
இந்த மாதிரி நேரத்தில் நாம வழக்கமா என்ன செய்வோம்? "ஸ்டாஃப் சரியில்லை"ன்னு ரிப்போர்ட் எழுதுவோம். மெமோ கொடுப்போம். ஆரோலே தம்பதி திட்டத்தையே மாற்றினார்கள். அந்தந்த ஊரிலேயே வாழும், ஊர் மக்களே தேர்ந்தெடுக்கும் ஒரு பெண்ணை கிராம நலப் பணியாளர் ஆக்குவது என்று முடிவு செய்தார்கள். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித் பெண்கள்.

8/
எழுத்து தெரியாதவருக்கு எப்படி மருத்துவம் சொல்லிக் கொடுப்பது? வாரந்தோறும் ஜாம்கெட்டுக்கு வரவழைத்தார்கள். பேச்சு, கதை, பாட்டு வழியாகப் பாடம். அந்த வாரம் ஊரில் பார்த்ததை அவர்கள் சொல்ல, அதிலிருந்தே அடுத்த பாடம். கை கழுவுவது, சுத்தமான பிரசவம், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், குழந்தையின் எடை, தடுப்பூசி, காசநோயும் தொழுநோயும் யாருக்கு இருக்கலாம்னு கண்டுபிடிப்பது. வெவ்வேறு சாதிப் பெண்கள் ஒரே இடத்தில் உண்டு, ஒரே பெரிய போர்வைக்குள் படுத்து உறங்கினார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

9/
அப்போ டாக்டருக்கும் நர்ஸுக்கும் என்ன வேலை? ஒரு நடமாடும் குழுவாகக் கிராமத்துக்குப் போவார்கள். அந்தப் பெண்ணால் தீர்க்க முடியாத நோயாளிகளைப் பார்ப்பார்கள், அவருக்குச் சந்தேகம் தீர்ப்பார்கள். ரிஜிஸ்டரில் தப்பு கண்டுபிடிக்கிற 'இன்ஸ்பெக்‌ஷன்' இல்லை அது. மேற்பார்வை என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அர்த்தம் 'கூட நிற்பது'.

10/
பலன்? 1971-இல் 176 ஆக இருந்த குழந்தை இறப்பு விகிதம் 90-களில் 30-க்கும் கீழே வந்தது. 1975-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 'ஹெல்த் பை தி பீப்பிள்' நூலில் ஜாம்கெட்டுக்கு ஒரு அத்தியாயம். 1978-இல் அல்மா ஆட்டா மாநாட்டில் 134 நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரத்தை வலியுறுத்தியபோது, இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் பின்னணியில் இருந்தன. 1979-இல் தம்பதிக்கு மகசேசே விருது. எந்தப் பிரிவில் தெரியுமா? மருத்துவம் இல்லை. 'சமூகத் தலைமை'!

11/
இப்போ இதே கதையின் மறுபக்கத்தையும் பார்க்கணும். 1977 அக்டோபர் 2-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு திட்டம் தொடங்கியது. 1,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதாரப் பணியாளர். மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய். வெளியிலிருந்து பார்த்தால் ஜாம்கெட் மாதிரியேதான் இருக்கும். ஆனால் சில ஆண்டுகளிலேயே அது நலிந்து போனது.

12/
ஏன்? தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிரசவமும் பச்சிளங்குழந்தையும் இருக்கும் வீட்டுக்குள் அவர்களால் எப்படிப் போக முடியும்? பல ஊர்களில் செல்வாக்குள்ளவரின் ஆட்களுக்கு அந்த இடம் போனது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு தொடர்ந்து சொல்லிக் கொடுக்கவும், கூட நிற்கவும் போதுமான ஆதரவு இல்லை. பணியாளரைப் பிரதி எடுத்தாச்சு. அவருக்குப் பின்னால் இருந்த தலைமையைப் பிரதி எடுக்கவில்லை.

13/
2005-இல் 'ஆஷா' திட்டம் வந்தபோது, அந்த ஊரில் வாழும் பெண்ணாகவே இருக்கணும்னு விதி வைத்தார்கள். பழைய பாடம் ஓரளவு உறைத்திருக்கிறது. நம்ம தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர்கள் பல்லாண்டுகளாக வீடு வீடாக நடக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அங்கேயும் முதுகெலும்பு பெண் தன்னார்வலர்கள்தான்.

14/
ஜாம்கெட்டின் கிராம நலப் பணியாளர் ஒருவர் வாஷிங்டனில் ஒரு சர்வதேச மாநாட்டில் பேசினார். பெரிய அரங்கு, மேலே பளபளக்கும் சரவிளக்குகள். அவர் கையில் சின்ன விளக்கு. அந்தச் சரவிளக்கு அழகுதான், ஆனால் விலை அதிகம், எட்டாத உயரம். என் விளக்கு சிறியது, ஆனால் இதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றலாம் என்ற பொருளில் பேசினார். எட்டாத உயரத்தில் இருப்பது நாங்கதான், டாக்டர்கள்!

15/
இளம் மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதாந்திர மீட்டிங்கில் டார்கெட் எண்ணைக் கேட்பதற்கு முன், "இந்த மாசம் ஃபீல்டுல என்ன பார்த்தீங்கம்மா?" என்று கேளுங்க. கேட்டுட்டு குறுக்கே பேசாம இருங்க. மருத்துவமனைக்கு வந்து சேராத நோயாளியைப் பற்றி அவங்களுக்குத்தான் தெரியும்.

16/
மற்ற எல்லோருக்கும்: உங்க வீட்டுக் கதவைத் தட்டும் சுகாதார செவிலியரை வாசல்லயே நிற்க வைத்து அனுப்பாதீங்க. உட்காரச் சொல்லுங்க, ஒரு சொம்பு தண்ணி கொடுங்க, பாட்டியின் பிரஷர் அளவையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் அவரிடம் காட்டுங்க. உங்க தெருவில் அடுத்து யாருக்கு என்ன ஆகும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கப் போவது அவர்தான்.

உங்க ஊர் செவிலியர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா, அடுத்த முறை அவர் வரும்போது கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.