திருகும் ஆப்பும்: தென்காசித் தச்சுப் பட்டறை நோக்கி ஓர் ஆய்வு

தென்காசியில் தச்சுப் பட்டறையொன்றின் வாயிலில் நின்று யாம் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். இளைஞர் ஒருவர் மேசையிற் பொருத்திய இரும்பு வைஸில் பலகையை இறுக்கி இழைத்துக்கொண்டிருந்தார். அருகே முதியவர் ஒருவர் தரையில் அமர்ந்து, சட்டத்தை இடக்காற் பெருவிரலாலும் ஒரு மர ஆப்பாலும் நிறுத்தி உளியை ஓட்டிக்கொண்டிருந்தார். உடன் வந்த தமிழாசிரிய நண்பர், "திருகு என்பது நம் பழஞ்சொல்லன்றோ? ஆதலின் இவ்விறுக்கு பொறியும் நம் பழம்பொருளே" என்றார். சொல் பழையதாயின் பொருளும் பழையதாமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

திருகு என்பதன் முதற்பொருள் முறுக்குதல் என்பதே. சிலப்பதிகாரத்து வஞ்சினமாலையில் கண்ணகி தன் இடமுலையைக் கையால் திருகி எறிகின்றாள். அங்கே மரைக்கு இடம் யாது? வீணையின் பிரடையையும் திருகுகின்றோம். அதுவோ மரை சிறிதுமின்றி உராய்வு ஒன்றாலேயே நிற்பது. சுரை என்பது உட்டுளை உடையதைக் குறிக்கும். மரை என்பதற்குத் 'திருகுசுரை' என அகராதிகள் பொருள் தருகின்றன. அப்பொருள் எக்காலத்தில் அச்சொல்லை அடைந்தது என்பதை அவை உரைப்பதில்லை. இனி, ஐங்குறுநூற்றிலும் புறநானூற்றிலும் வரும் கரும்பு பிழியும் எந்திரத்தைச் சான்று காட்டுவாரும் உளர். அப்பாடல்கள் அதன் முழக்கத்தைக் கூறுகின்றனவேயன்றி அதன் உறுப்புகளைக் கூறவில்லை. கூறாததைக் கூறியதாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி ஆகாது.

திருகாணியாவது உருளையின்மேற் சுற்றிய ஆப்பே. மையத்திலிருந்து 6 அங்குலம் நீண்ட கைப்பிடியை ஒரு முறை சுழற்றினால் அதன் நுனி ஏறத்தாழ 38 அங்குலம் செல்லும். மரையின் இடைவெளி அரை அங்குலமாயின் இறுக்கும் தாடை அவ்வளவே நகரும். ஆகவே கைவலி ஏறக்குறைய 75 மடங்காதல் வேண்டும். உராய்வு அதிற் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. ஆயினும் கையை எடுத்தபின் திருகு தானே தளராமற் காப்பதும் அவ்வுராய்வே. மரத்தில் வெளிமரை வெட்டுதல் பொறுமையுடையார்க்கு அரிதன்று. அரிதாவது அதற்கு இணையான உள்மரையைத் துளைக்குள் வெட்டுதல். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஈரோன் இதற்கெனவே ஒரு கருவியை விளக்கியுள்ளார். தச்சு மேசையில் திருகு இறுக்கி அமைந்த ஓவியம் 1505ஆம் ஆண்டு நியூரம்பர்க்குச் சுவடியில் உள்ளது. 1769 முதல் வெளிவந்த பிரெஞ்சுத் தச்சர் ரூபோவின் நூலில் அது முழு வளர்ச்சி பெற்றுக் காணப்படுகிறது.

நம் நாட்டில் மரத்திற் புரி வெட்டும் திறன் இல்லாமலில்லை. பருத்திக் கொட்டை நீக்கும் இராட்டினத்தில் இரண்டு மர உருளைகள் புரிப்பற்களால் ஒன்றையொன்று எதிர்த்திசையிற் சுழற்றுகின்றன. இவ்வமைப்பு 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தோன்றியது என்பது வரலாற்றறிஞர் இர்பான் ஹபீபின் கருத்து. ஆயின் ஒன்று நோக்குக: இரண்டும் வெளிப்புரிகளே, சுரைக்கு அங்கே வேலையில்லை. இறுக்குந் திருகோ சுரையின்றி இயங்காது. 1982இல் வெளிவந்த தம் நூலில் அஹ்சான் ஜான் கைசர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவில் வழங்கிய திருகாணி, புரி வெட்டப்படாமல் ஆணியின்மேற் கம்பியைச் சுற்றிப் பற்றவைத்துச் செய்யப்பட்டது எனக் காட்டுகிறார்.

கடைசற்பொறி இன்மையே இதற்குக் காரணம் என்பாரோடு யாம் உடன்படோம். அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எவரும் தென்பாண்டி நாட்டிற் கடைசல் தெரியாதிருந்தது எனக் கூறார். மேலும் ஐரோப்பியத் தச்சர் மரத்திருகைப் பெரும்பாலும் கைக்கருவியாலேயே வெட்டினர்.

கண்டறியாமையும் முழுக் காரணமாகாது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் உள்ள கொல்லத்தில் 1578இல் அண்டிரிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அக்காலத்து அச்சுப்பொறி திருகினால் அழுத்தப்படுவதே. தமிழெழுத்துத் தாளிற் பதிந்ததே திருகின் வலியால் என்று சொல்லலாம். எனினும் அத்திருகு மலையைக் கடந்து தச்சர் கைக்கு வந்ததற்குச் சான்று காணோம்.

காரணம் தொழில் செய்யும் இருக்கையில் உள்ளது என்பது எம் கருத்து. தரையில் அமர்ந்து இருகாலையும் கையாகக் கொள்ளும் தச்சர்க்கு மேசை வேண்டா. மேசை இல்லையேல் அதன் விளிம்பில் இறுக்கியும் வேண்டா. கதவுநிலையைக் கழுந்தும் துளையும் தாங்கின. தளர்ந்த இணைப்பை ஆப்பு இறுக்கியது. ஓடும் தேரையே முட்டுக்கட்டை கொண்டு நிறுத்தியும் திருப்பியும் பழகிய நாடு இது. ஆங்கிலேயர் காலத்தில் மேசை வந்தபோது இறுக்கியும் உடன் வந்தது. மரத்திருகாக அன்று, இரும்பாகவே வந்தது.

இதற்குப் பட்டறை வழக்கே சான்று பகரும். காதணியைச் செய்யும் பொற்கொல்லர் திருகு என்றும் சுரை என்றும் தமிழிற் சொல்கின்றார். தச்சரோ வைஸ், போல்ட்டு, நட்டு, ஸ்குரு என்கின்றார். திருகு என்னும் சொல் அவர் நாவில் இருந்தும் அவர் அதனை இப்பொருளுக்கு இடவில்லை. பொருள் தன் பெயருடனேயே வந்து புகுந்தது. நண்பர் இதனைக் கேட்டுச் சிறிது வருந்தினார். வருந்துதற்கு இடமில்லை. உளி, வாய்ச்சி, கொட்டாப்புளி, இழைப்புளி, துரப்பணம், கழுந்து, ஆப்பு எனத் தச்சர்க்கு உரிய தமிழ்ச்சொற்கள் பல இருக்க, இல்லாத ஒன்றை ஏற்றிக் கூறுவானேன்?

திரும்புகையில் அம்முதியவரை, வைஸ் அருகிலிருந்தும் ஏன் அதனைத் தொடுவதில்லை என வினவினோம். அதைத் திருகி முடிப்பதற்குள் ஒரு துளை போட்டுவிடலாம் என்றார் அவர். பின்னர்க் கொட்டாப்புளியால் ஆப்பின் பின்புறம் ஒரு தட்டுத் தட்டினார், சட்டம் விடுபட்டது, மறுபுறம் புரட்டி வைத்து வேலையைத் தொடர்ந்தார்.