அட்சுமாவின் நுரைக்கல் மண்

2018 செப்டம்பர் 6, அதிகாலை 3:07. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இபுரி பகுதியை 6.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. விடிந்ததும் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படங்களில், அட்சுமா என்ற சின்ன ஊரைச் சுற்றியிருந்த பச்சைக் குன்றுகள் வரிவரியாகப் பிறாண்டி விட்டதுபோல் பழுப்பாகக் கிடந்தன. ஆயிரக்கணக்கான இடங்களில் சரிவு. மண்ணுக்கடியில் 36 பேர் இறந்தார்கள்.

முந்தின நாள்தான் ஜெபி புயல் கடந்துபோயிருந்தது. பழியை அதன்மேல் போட்டுவிடத் தோன்றும். ஆனால் அட்சுமாவில் அது பெரிதாக மழையைக் கொட்டவில்லை. தண்ணீர் ஏற்கெனவே மண்ணுக்குள்ளேதான் இருந்தது.

எப்படி? சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தாருமாயே எரிமலை வெடித்து, இந்தக் குன்றுகள்மேல் நுரைக்கல்லைப் பொழிந்தது. நாம் குதிகால் தேய்க்கிறோமே, அதே வகைக் கல்தான். உள்ளே முழுக்க ஓட்டை. பிறகு வந்த வெடிப்புகளின் சாம்பல் அதை மூடியது, அதன்மேல் காடு வளர்ந்தது. கீழே நுரைக்கல் மெல்ல மெல்ல மக்கி, ஹாலோசைட் என்ற களிமண்ணாக மாறிக்கொண்டிருந்தது. நுண்ணிய குழாய்கள் போன்ற துகள்கள். தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த மண்ணின் விசித்திரம் என்னவென்றால், கலைக்காதவரை அது உறுதியானது. துகள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். கையில் எடுத்துப் பிசைந்தால் கூழாகிவிடும். அன்று அதிகாலை பூமி பிசைந்தது. தாங்கிய கட்டமைப்பு நொறுங்கியது, மேலிருந்த பாரம் முழுவதும் உள்ளிருந்த தண்ணீர்மேல் விழுந்தது. தண்ணீரால் சறுக்கலைத் தடுக்க முடியாது. மேலடுக்கு மரங்களோடு சேர்ந்து வழுக்கி இறங்கியது. அவ்வளவு செங்குத்தாக இல்லாத சரிவுகள்கூடத் தப்பவில்லை.

இது புதிதும் அல்ல. 1968 மே மாதம் டொகாச்சி-ஒகி நிலநடுக்கத்தின்போது, ஹச்சினோஹே வட்டாரத்தில் மழையில் ஊறியிருந்த எரிமலை மண் சரிவுகள் இதே மாதிரி இறங்கின. ஐம்பது வருஷ இடைவெளியில் அதே பாடம்.

எங்கள் மென்பொருள் தொழிலில் ஒரு வாதம் உண்டு: "இவ்வளவு நாளா ஓடுதுல்ல, அப்போ சரியாத்தான் இருக்கும்." அட்சுமாவில் சமவெளி நெல்லுக்கு, குன்றின் அடிவாரம் வீட்டுக்கு. தலைமுறை தலைமுறையாக அசையாத குன்றை யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் ஒரு சரிவு நிற்பது, இதுவரை வந்த அதிர்வுகளைத் தாங்கியது என்பதற்கு மட்டுமே சாட்சி. அடுத்ததைப் பற்றி அறிய, சில மீட்டர் தோண்டி, கீழே என்ன மக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.